பொலிஷை உரிப்பதற்கு முன்: பழைய சதுரங்க மேசையொன்றை அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்

யாழ்ப்பாணத்தில் பழைய தளபாடங்களை வாங்கி விற்கும் கடைகளுக்குள் போனால் பெரும்பாலும் ஒரே நிறத்தைத்தான் காணலாம். அலுமாரி, கதிரை, கட்டில், மேசை எல்லாமே புதிதாக உரஞ்சப்பட்டு, கடும் மண்ணிறச் சாயம் ஏற்றப்பட்டு, மினுங்கும் வார்னிஷுடன் நிற்கும். வாங்க வருபவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அப்படி உரஞ்சும்போது மூன்று விடயங்கள் மரத்தூளோடு போய்விடுகின்றன: அது என்ன மரம், எவ்வளவு பழையது, யாருடைய வீட்டில் இருந்தது. முதல் இரண்டும் போனால் பணம் நட்டம். மூன்றாவது போனால் ஏற்படும் நட்டத்தை, பல தடவைகள் இடம்பெயர்ந்த எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அண்மையில் சுன்னாகம் பக்கத்திலுள்ள கடையொன்றில் இன்னும் உரஞ்சப்படாத சதுரங்க மேசையொன்றைக் கண்டேன். 24 அங்குலச் சதுரம், ஒரு லாச்சி, பச்சை எனாமல் அடித்த நான்கு கால்கள். மேற்பரப்பு அழுக்கேறி, கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் கிடந்தன. அப்படியே எடுத்தால் 18,000 ரூபாய், பொலிஷ் பண்ணி எடுத்தால் 26,000 என்றார் கடைக்காரர். ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு, அடுத்த நாள் எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். எழுபது வயது கடந்தவர். அளவுநாடா, சின்னக் கத்தி, டோர்ச் லைட், கொஞ்சம் ஸ்பிரிட், பஞ்சு ஆகியவற்றை மட்டும் கொண்டு வந்தார். ஒரு மணித்தியாலத்தில் அவர் காட்டித் தந்தவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்துச் சரிபார்த்தவற்றையும் இங்கே தருகிறேன். சதுரங்க மேசைக்கு மட்டுமன்றி, உங்கள் வீட்டில் இருக்கும் அம்மம்மாவின் சீதன அலுமாரிக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

“தம்பி, மேல்பக்கம் எல்லாரும் பாக்கிற பக்கம். உதைக் கவிழ்த்துப் போடுங்கோ” என்றுதான் ஓடாவியார் தொடங்கினார்.

மேசையின் அடிப்பக்கத்தை யாரும் பொலிஷ் பண்ணுவதில்லை. அதனால் மரத்தின் இயல்பான நிறம், அறுத்த வாளின் தடம், ஆணி, திருகாணி, பசை எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். லாச்சியை முழுதாக வெளியே இழுத்து அதன் அடியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். லாச்சி இருந்த பொந்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். எதைத் துடைப்பதற்கும் முன்னர் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எழுத்தோ இலக்கமோ முத்திரையோ தெரிந்தால் அதைக் கிட்ட வைத்துத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும்.

உண்மையில் சதுரங்க மேசைதானா?

கட்டங்களை எண்ணுங்கள். 8 × 8 ஆக 64 கட்டங்கள் இருந்தால் சதுரங்கம் விளையாடலாம். 10 × 10 இருந்தால் அது சர்வதேச டிராஃப்ட்ஸ் பலகை.

அடுத்து ஒரு கட்டத்தை அளந்து பாருங்கள். சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி போட்டிப் பலகையின் கட்டம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்குச் செய்த மேசைகளில் இதைவிடச் சிறிய கட்டங்களும் உண்டு. நான் பார்த்த மேசையில் ஒரு கட்டம் சரியாக 2 அங்குலம், அதாவது 5 சென்ரிமீற்றரை விடச் சற்றுக் கூட. அலங்காரத்துக்கென்று செய்தவர் இந்த அளவைத் தேடிப் பிடித்திருக்க மாட்டார்.

மூன்றாவதாக, விளையாடுபவர் இருக்கும் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். லாச்சிக்கு முன்னால் இருந்து பார்த்தபோது இந்த மேசையில் அது சரியாக இருந்தது. லாச்சிப் பக்க விளிம்பும் அதற்கு எதிர்ப்பக்க விளிம்பும் மட்டும் முழங்கை பட்டுத் தேய்ந்து வழவழத்திருந்தன. மற்ற இரண்டு விளிம்புகளும் கூராகவே இருந்தன. இரண்டு பேர் எதிரெதிரே இருந்து பல வருடங்கள் விளையாடிய மேசை இது என்பதற்கு அந்தத் தேய்மானம் போதுமான சாட்சி. உரஞ்சினால் முதலில் காணாமற்போவதும் அதுதான்.

என்ன மரம்?

இலங்கையின் பழைய மேசைகளில் கறுப்புக் கட்டத்துக்குக் கருங்காலியும் வெள்ளைக் கட்டத்துக்கு முதிரையும் பொருத்தமான சோடி. ஆனால், கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி அல்ல. மலிவான மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவது பழைய வழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத விளிம்பொன்றில் கத்தி நுனியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். கருங்காலி உள்ளேயும் கறுப்பாகவே இருக்கும். சாயம் ஏற்றிய மரம் உள்ளே வெளிறித் தெரியும். கருங்காலி தண்ணீரில் தாழும் அளவுக்கு அடர்த்தியானது. அதனால் தனியாகக் கழன்ற கட்டமொன்று கையில் கிடைத்தால் அதன் பாரமே சொல்லிவிடும். முதிரை பொன்மஞ்சள் நிறமானது. வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தால் பட்டுத்துணி போல மினுங்கும். எங்கள் பழைய வீடுகளின் கதவு, நிலைகளில் நீங்கள் பார்த்த அதே மரம்தான்.

மற்றவற்றையும் இப்படிப் பிரித்தறியலாம். தேக்கு பொன்மண்ணிறம், தொட்டால் மெல்லிய எண்ணெய்த் தன்மை, சுரண்டினால் தோல் போன்ற ஒரு வாசனை. பலா புதிதில் மஞ்சள், காலம் போகப்போக மண்ணிறம். வேம்பு சிவந்து, மகோகனி போலத் தோன்றும். பனையில் கறுப்பு நார்கள் ஊசி ஊசியாகத் தெரியும்.

அடுத்த கேள்வி, கட்டங்கள் முழு மரத் துண்டுகளா, வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகடா என்பது. விளிம்பிலோ வெடிப்பிலோ பார்த்தால் தெரியும். கையால் அறுத்த பழைய தகடு ஒரு மில்லிமீற்றரை விடத் தடிப்பாக இருக்கும். இக்காலத் தகடு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். அதன் மேல் மெசினால் உரஞ்சினால் சில நிமிடங்களில் அடிப்பலகை தெரியத் தொடங்கிவிடும். இந்த மேசையில் கால் அங்குலத் தடிப்பான கருங்காலியும் முதிரையும், தேக்குச் சட்டத்துக்குள் வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. பச்சை எனாமலுக்குள் கால்கள் வேம்பு.

கட்டங்களிலோ விளிம்பிலோ வெள்ளைத் துண்டுகள் பதித்திருந்தால் கவனமாக இருங்கள். எலும்பில் சின்னச் சின்னக் கருந்துளைகள் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். தந்தம் என்று சந்தேகம் வந்தால் வாங்க வேண்டாம். சட்டச் சிக்கல் உங்களைத் தேடி வரும்.

எவ்வளவு பழையது?

“நூறு வருஷப் பழசு” என்பது விற்பவர் வாயில் எளிதாக வரும் வசனம். மேசையிடமே கேட்பதுதான் நல்லது.

வாள் தடம்: கையால் அறுத்த பலகையில் நேரான, ஆனால் சீரற்ற கோடுகள் இருக்கும். வட்டவாள் மெசினால் அறுத்ததில் வளைந்த கோடுகள் இருக்கும்.

திருகாணி: 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியவற்றின் நுனி மொட்டையாக இருக்கும், தலையிலுள்ள வெட்டு நடுவில் இராமல் விலகியிருக்கும். கூர்நுனித் திருகாணிகள் அதற்குப் பின்னர் வந்தவை. தலையில் சிலுவை வெட்டு இருந்தால் 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

லாச்சி மூலை: புறா வால் வடிவில் கோத்திருப்பார்கள். கையால் வெட்டியதில் ஒரு வால் சற்று அகலம், இன்னொன்று சற்று ஒடுக்கம். எல்லாம் ஒரே அளவென்றால் மெசின் வேலை.

பலகை: பிளைவூட் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. சிப்போர்ட் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் பரவலானது. ஆனால், லாச்சியின் அடிப்பலகையை மட்டும் பின்னர் யாராவது மாற்றியிருக்கலாம். ஒரு பாகத்தை மட்டும் வைத்து முழு மேசைக்கும் வயது சொல்லக்கூடாது.

சுருக்கம்: மரம் அதன் ரேகைக்குக் குறுக்காகத்தான் கூடுதலாகச் சுருங்கும். சதுரமான மேற்பலகை பல தசாப்தங்களில் ஒரு பக்கம் சில மில்லிமீற்றர் ஒடுங்கிவிடும். இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள்.

இந்த மேசையில் வளைந்த வாள் தடம், கூர்நுனித் திருகாணி, கையால் வெட்டிய புறா வால், பிளைவூட் அடிப்பலகை எல்லாம் இருந்தன. சிலுவைத் திருகாணி ஒன்றும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நல்ல கைவினைஞர் ஒருவர் செய்த மேசை என்பது ஓடாவியாரின் முடிவு. கடைக்காரர் சொன்ன நூறு வருடம் அவரிடம் எடுபடவில்லை.

இதைவிடப் பழையவையும் இலங்கையில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலிப் பகுதித் தச்சர்கள் உள்ளூர் மரங்களின் மாதிரிகளைத் துண்டு துண்டாகப் பதித்து மேசைகள் செய்தார்கள். சிலவற்றின் நடுவில் சதுரங்கக் கட்டங்களும் உண்டு. அவை இன்று வெளிநாட்டு ஏல விற்பனைகளில் தேடப்படும் பொருட்கள். கருங்காலிச் சட்டத்துக்குள் பலநிற மரங்கள் கதிர் கதிராகப் பதிக்கப்பட்ட மேசையொன்றைக் கண்டால், அதில் கைவைக்காமல் விடயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவ்வாறான பழம்பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதையும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

மேலே பூசியிருப்பது என்ன?

மறைவான ஓர் இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். பழைய ஓடாவிமார் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பொலியூரித்தேன், அதாவது பிற்காலத்தில் யாரோ அடித்தது. டேர்ப்பன்டைனில் அழுக்கோடு வழிந்து வந்தால் அது மெழுகு.

அரக்குப் பொலிஷ் என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதை உரிக்கத் தேவையில்லை. பழைய பூச்சைத் துப்புரவாக்கி, அதன் மேலேயே மெல்லிய புதிய அரக்குப் படலம் ஏற்றலாம். பழையதும் புதியதும் ஒன்றோடொன்று கரைந்து சேர்ந்துகொள்ளும்.

கால்களில் இருந்ததைப் போன்ற பழைய எனாமல் பெயின்ட் வேறு விடயம். அதில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சான்ட் பேப்பர் போட்டுத் தூளாக்கி, சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் பரப்பக்கூடாது.

மரத்தில் சிறு துளைகள் இருந்தால் மேசையை வெள்ளைத்தாள் மேல் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். புதிய வெளிர் மாவு விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மற்றத் தளபாடங்களுக்கு அருகில் வைப்பதற்கு முன் மருந்து அடிக்க வேண்டும். மாவு விழாவிட்டால் அது பழைய காயம்.

விலையை எப்படிப் பார்ப்பது?

ஊர் ஊராக வந்து பழைய தளபாடம் வாங்குபவர்கள் பெரும்பாலும் மரக்கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். அந்தக் கணக்கை நாங்களும் போட்டுப் பார்க்கலாம். மேற்பலகை 24 × 24 × 1 அங்குலம், அதாவது 576 கன அங்குலம். நான்கு கால்கள், ஒவ்வொன்றும் 2 × 2 × 28, மொத்தம் 448. நான்கு குறுக்குச் சட்டங்கள், ஒவ்வொன்றும் 20 × 3 × 1, மொத்தம் 240. எல்லாம் கூட்டினால் 1,264 கன அங்குலம். ஒரு கன அடி 1,728 கன அங்குலம். ஆக, லாச்சியைத் தவிர்த்துப் பார்த்தால் மேசை முழுவதும் முக்கால் கன அடி மரம்கூட இல்லை. மரக்கணக்கில் விற்றால் கையில் கிடைப்பது மிகச் சொற்பம்.

கூலிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 துண்டுகளையும் ஒரே அளவாக வெட்ட வேண்டும். ஒரு துண்டில் அரை மில்லிமீற்றர் பிழைத்தால் எட்டாவது துண்டில் நான்கு மில்லிமீற்றர் பிழைக்கும். அந்த வேலையை இன்று செய்யக்கூடியவரிடம் எத்தனை நாள் எடுக்கும் என்று கேளுங்கள். அவருடைய நாட்கூலியால் பெருக்குங்கள். கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம், புதிதாகத் தேடி வாங்குவது இலகுவல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பச் செய்விக்க என்ன முடியும் என்ற இந்தத் தொகைதான் பேரத்தின் மேல் எல்லை. மரக்கணக்கு கீழ் எல்லை. நியாயமான விலை இரண்டுக்கும் இடையில் இருக்கும்.

இணையத்தில் தேடுபவர்கள், கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்பதற்கு எல்லை இல்லை. பிறகு, உடைவு, பூச்சி, மாற்றிய பாகங்கள் ஆகியவற்றுக்குக் கழியுங்கள். கழன்று தொலைந்த கட்டம் ஒன்றிரண்டு இருந்தால் பெரிதாகக் கழிக்க வேண்டாம், செய்து போடலாம். மேற்பரப்பு முழுவதும் ஆழமாக உரஞ்சப்பட்டிருந்தால் கூடுதலாகக் கழியுங்கள், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்தக் கணக்குகளைச் சொல்லிப் பேசியபோது கடைக்காரர் 15,000 ரூபாய்க்கு இறங்கினார். பொலிஷ் பண்ணித் தர வேண்டாம் என்றதில் அவருக்கும் ஒரு வேலை மிச்சம்.

யாருடைய மேசை?

மற்ற நாடுகளில் இந்தத் துறை பற்றி எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் விலையோடு முடிந்துவிடும். வடக்கு கிழக்கில் அப்படி முடிக்க முடியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை ஆயிரம். இவர்களில் யாரும் மேசையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவும் நிலையும் கூரைமரமும்கூடக் கழற்றப்பட்டிருந்தன. அவையெல்லாம் காற்றில் கரைந்துவிடவில்லை. எங்கோ ஒரு வீட்டில், ஒரு கடையில் இருக்கின்றன.

கவிழ்த்துப் போட்ட மேசையின் அடியில் வெள்ளைப் பெயின்டில் சில எழுத்துகளும் ஓர் இலக்கமும் இருந்தன. லாச்சியின் உட்பக்கத்தில் பென்சிலால் இரண்டு நிரல்கள், மேலே இரண்டு பேரின் முதலெழுத்துகள், கீழே வெற்றி தோல்விக் கணக்கு, சில இடங்களில் திகதிகள். கடைசித் திகதி 1990 ஏப்ரல். அதற்குப் பிறகு இடம் இருந்தும் எதுவும் எழுதப்படவில்லை.

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அவர்கள் விளையாடுவதை விட்டிருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், மேசையை விற்றிருக்கலாம். கதவு, நிலைகளோடு ஒரு லொறியில் வந்த சாமான் என்பதற்கு மேல் கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால், இருவர் இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். “பொலிஷை உரிக்கிறது ஒரு பின்னேர வேலை தம்பி. உந்தக் கணக்கைத் திரும்ப எழுத ஆரால ஏலும்?” என்றார் ஓடாவியார்.

அந்த எழுத்துகளையும் இலக்கத்தையும் நான் இங்கே எழுதவில்லை. முகநூலில் படமும் போடவில்லை. உரிமை கோரி ஒருவர் வந்தால், அவற்றை அவர் வாயால் சொல்ல வேண்டும். உறுதிப்பத்திரம், புகைப்படம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இழந்தவரிடம் மிஞ்சியிருக்கக்கூடிய அத்தாட்சி அந்த ஞாபகம் மட்டும்தான். நீங்களும் இவ்வாறான பொருளொன்றை வாங்கினால் இதையே செய்யுங்கள்: எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அடையாளத்தைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஊர்ப் பொருளாக இருக்கலாம் என்று தெரிந்தால் அந்த ஊர்ச் சனசமூக நிலையத்திலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ, பொருளைப் பற்றி மட்டும் சொல்லி வையுங்கள். களவுப் பொருள் என்று தெரிந்தால் வாங்க வேண்டாம். தெரிந்துகொண்டு வாங்குவது சட்டப்படி குற்றம்.

அப்படியென்றால் உரஞ்சவே கூடாதா?

உரஞ்சலாம். எல்லா மேசையும் அருங்காட்சியகத்துக்குரியதல்ல. பிற்காலத்தில் யாரோ கண்டபடி அடித்த வார்னிஷ் உரிந்து தொங்கும் மேசையைத் துப்புரவாக்கிப் புதுப்பித்தால் அதன் பாவனையும் விலையும் கூடும். கடைசி வழியாக அதை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்வது.

முதலில் ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வச்சிரப் பசை ஈரத்திலும் சூட்டிலும் இளகும். அடுத்து டேர்ப்பன்டைன் தொட்ட துணியால் பழைய மெழுகை எடுங்கள். பல மேசைகளுக்கு இதுவே போதும். இந்த மேசையில் இரண்டாவது துடைப்பிலேயே முதிரைக் கட்டங்கள் மஞ்சளாக வெளிவந்தன.

சதுரங்கக் கட்டங்களை உரஞ்சித்தான் ஆக வேண்டுமென்றால் மெசின் வேண்டாம். கருங்காலித் தூள் பக்கத்திலுள்ள முதிரையின் நுண்துளைகளுக்குள் இறங்கி அதைக் கரியாக்கிவிடும். சுரண்டித் தகட்டால் கட்டம் கட்டமாக, தூளை உடனுக்குடன் உறிஞ்சி எடுத்தபடி செய்ய வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் தேவை. சாயம் ஏற்றவே கூடாது. மண்ணிறச் சாயம் இரண்டு மரத்தையும் ஒரே நிறமாக்கிவிடும். பிறகு அது சதுரங்க மேசை அல்ல, வெறும் மேசை.

அடிப்பக்கத்தையும் லாச்சியின் உள்ளையும் எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். வேலையை ஒருவரிடம் கொடுத்தால், இதை முற்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். கேட்காமல் விட்டால், நல்லது செய்வதாக நினைத்து அதையும் சேர்த்து உரஞ்சிவிடுவார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்குச் செலவு இல்லை. உங்கள் வீட்டிலுள்ள மேசை, அலுமாரி, கட்டில் எதுவாக இருந்தாலும் அதன் அடியில் பெயர், ஊர், யார் செய்தது, எந்த வருடம் வந்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பென்சில் மை போல ஊறிப் பரவாது, வெளிறிப் போகாது. அம்மம்மாவோ அப்பப்பாவோ உயிரோடு இருக்கும்போது அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அந்த விபரம் வேறெங்கும் பதிவாகியிருக்காது.